கூரையைக் கழற்றியது யார்? – மத்தியகாலத் துறவிமடங்களும் அவற்றின் இடிபாடுகளும்

2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்தைத் தோண்டினார்கள். உள்ளே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது. மண்டையோட்டில் வெட்டுக்காயங்கள். ஆய்வுகள் முடிந்தபின் அது 1485 இல் பொஸ்வேர்த் போரில் கொல்லப்பட்ட மூன்றாம் றிச்சர்ட் மன்னனுடையது என்று அறிவித்தார்கள். காருக்குக் கீழே அரசன் கிடந்த கதையை உலகமே வாசித்தது. நாங்களும் வாசித்தோம்.

ஆனால் அந்த அரசன் வெறும் மண்ணுக்குள் கிடக்கவில்லை. பிரான்சிஸ்கன் துறவிகளின் கோவில் ஒன்றில், அவர்கள் நின்று செபம் பாடுகிற இடத்தில் புதைக்கப்பட்டிருந்தான். அந்தக் கோவிலை 1538 இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். கல்லறை இருந்த இடமும் மறந்துபோனது. அரசனைக் கண்டுபிடித்த செய்தியில் அந்தத் துறவிகள் ஒரு வரியில் வந்து போனார்கள். போன தவணை மத்தியகால ஐரோப்பா பற்றிய ஒப்படைக்காக நாங்கள் மூன்று பேர் இந்தக் கதையை எடுத்தபோது, அந்த ஒரு வரியிலதான் இடறுப்பட்டு நின்றோம். யார் இவர்கள்? ஒன்றுமே வேண்டாம் என்று சொன்ன ஆக்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய கோவில்? அது எங்கே போனது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளில் இருந்து வந்தது.

பிச்சை எடுக்கிற சகோதரர்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வோம். மத்தியகால ஐரோப்பாவில் 'துறவி' என்றால் எல்லாம் ஒன்றில்லை. பழைய வகை மடத்துத் துறவிகள் ஊரை விட்டு விலகி, மதிலுக்குள் வாழ்ந்தவர்கள். மடத்துக்கு வயல், ஆடு, ஆலை, குடியானவர்கள் எல்லாம் இருக்கும். தனிப்பட்ட துறவி ஏழை, மடமோ பெரும் நிலக்கிழார்.

13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு எதிராக ஒரு புது வகை தோன்றியது. அசிசி நகரத்துத் துணி வியாபாரியின் மகன் பிரான்சிஸ் தன் சொத்தையெல்லாம் துறந்து, 1209 இல் பாப்பரசரிடம் வாய்மொழி அனுமதி வாங்கித் தன் சபையைத் தொடங்கினார். 1216 இல் டொமினிக்கின் சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. கார்மேல் சபை, அகுஸ்தீன் சபை என்று இன்னும் இரண்டு பிறகு சேர்ந்தன. இவர்கள் தங்களை 'பிராற்றர்' என்றார்கள். இலத்தீனில் சகோதரன் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஃபிரையர்' என்று ஆனது அதுதான்.

தனி ஆளுக்கு மட்டுமில்லை, சபைக்கும் சொத்து இருக்கக்கூடாது என்பது பிரான்சிஸ்கன்களின் கொள்கை. சாப்பாடு பிச்சை எடுத்துத்தான். மதிலுக்குள் ஒளியாமல் சனம் நெருங்கி வாழ்கிற நகரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், சனத்தின் மொழியில் பிரசங்கம் செய்ய வேண்டும். அது ஐரோப்பிய நகரங்கள் வீங்கிப் பெருத்த காலம். கிராமத்தில் இருந்து வந்த புது ஏழைகளுக்குப் பழைய பங்குக் கோவில்கள் போதவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் இந்தச் சகோதரர்கள் வெறுங்காலோடு நடந்து வந்தார்கள்.

மண்சுவரா, கற்சுவரா?

1224 இல் ஒன்பது பிரான்சிஸ்கன்கள் டோவர் துறையில் வந்து இறங்கினார்கள். கன்டர்பரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சின்ன அறையில் தங்கினார்கள். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் அடுப்பு மூட்டி, பியர் மண்டியைச் சூடாக்கி, ஒரே கிண்ணத்தை மாறி மாறிக் குடித்ததாகவும், அது கட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டுக் கலக்கிச் சந்தோசமாகக் குடித்ததாகவும் எக்கிள்ஸ்டன் தோமஸ் என்ற துறவி தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே நகரத்தில் ஸ்டவர் ஆற்றுக்கு மேலே பாலம்போல நிற்கிற 13 ஆம் நூற்றாண்டுச் சின்னக் கட்டிடம் ஒன்று மட்டும் இன்று அவர்களின் மடத்தில் மிச்சம்.

தோமஸ் சொல்லும் இன்னொரு சம்பவம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஷ்ரூஸ்பரியில் துறவிகள் படுக்கிற மண்டபத்துக்கு யாரோ கல்லில் சுவர் வைத்துவிட்டார்கள். சபையின் இங்கிலாந்துத் தலைவர் வந்து பார்த்தார். வறுமை விரதம் என்று சொல்லிக் கற்சுவரா? இடித்து மண்சுவர் வைக்கச் சொன்னார். வைத்தார்கள், பெரும் செலவில்! ஏழையாக இருப்பதற்கும் காசு தேவைப்பட்டது என்று சிரித்துக்கொண்டோம். ஆனால் சிரிப்போடு முடிகிற விசயமில்லை இது.

ஒன்றும் சொந்தமில்லை என்றால் குடியிருக்கிற வீடு யாருடையது? 1279 இல் பாப்பரசர் மூன்றாம் நிக்கொலஸ் ஒரு வழி சொன்னார்: உரிமை பாப்பரசருக்கு, பாவனை மட்டும் சகோதரர்களுக்கு. இது சட்டத்தில் சரி, மனச்சாட்சியில் சரியா என்று சபைக்குள்ளேயே சண்டை பிடித்தது. கடும் வறுமையைக் கைவிட மறுத்த நான்கு பிரான்சிஸ்கன்களை 1318 இல் மார்செய் நகரத்தில் உயிரோடு எரித்தார்கள். கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் தனியாகவோ கூட்டாகவோ எதையும் வைத்திருக்கவில்லை என்று சாதிப்பது மதவிரோதம் என 1323 இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் அறிவித்தார். ஒரு சுவரைக் கல்லில் கட்டுவதா, மண்ணில் கட்டுவதா என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

கடைசியில் கல்தான் வென்றது. அதற்குக் காரணமும் இருந்தது. பிரசங்கம் கேட்கப் பெருந்தொகையாகச் சனம் வந்ததால் அகலமான மண்டபம் தேவைப்பட்டது. பணக்காரர்கள் சகோதரர்களின் கோவிலுக்குள் புதைபட விரும்பினார்கள். சிலர் சாகும்போது துறவியின் சீலையையே உடுத்துக்கொண்டு செத்தார்கள். அதற்காகக் காசும் கொடுத்தார்கள். பிச்சைப் பாத்திரம் நிறைந்தால் அதை என்ன செய்வது? கட்டிடமாக்கினார்கள்.

நாற்சார் முற்றமும் குசினியும்

இந்த மடங்களின் அமைப்பை விளங்கிக்கொள்வது எங்களுக்குக் கஷ்டமில்லை. எங்கட பழைய நாற்சார் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கோ. நடுவில திறந்த முற்றம், சுற்றிவர நான்கு பக்கமும் தாழ்வாரம். ஒரு பக்கத்தில் வீட்டுக்குப் பதிலாகக் கோவில். மற்றப் பக்கங்களில் கூட்டம் கூடுகிற அறை, சாப்பாட்டு மண்டபம், குசினி. மேல்மாடியில் படுக்கை. கோவிலில் சனம் நிற்கிற பகுதிக்கும் துறவிகள் பாடுகிற பகுதிக்கும் நடுவில், அயர்லாந்து மடங்களில், ஒல்லியாக உயர்ந்த ஒரு கோபுரம் எழும்பும்.

இதைக் கிட்டத்தட்ட முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அயர்லாந்தின் மேற்குக் கரைப் பக்கம் போக வேண்டும். கோல்வே மாவட்டத்தில் ரொஸ் எரிலி என்ற மடம் கூரையில்லாமல் வயல்களுக்கு நடுவில் நிற்கிறது. படங்களில் அதன் குசினியைத்தான் நாங்கள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய அடுப்பு, பாண் போறணை, மீனை உயிரோடு விட்டு வைக்கக் கல்லில் கட்டிய ஒரு தண்ணீர்த்தொட்டி. வரலாறு என்றாலே அரசன், போர், உடன்படிக்கை என்று படித்த எங்களுக்கு, 'இண்டைக்கு என்ன சமையல்' என்று யாரோ கேட்டிருக்கக்கூடிய ஓர் இடம் வித்தியாசமாக இருந்தது.

தென்கிழக்கே கில்கெனி நகரத்து மடத்தின் கதை வேறு. 1349 இல் கொள்ளைநோய் வந்தபோது அங்கே ஜோன் கிளின் என்ற துறவி ஆண்டுக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிவரச் சனம் செத்துக்கொண்டிருந்தது, தன்னுடைய முறைக்காக அவரும் காத்திருந்தார். ஆதாமின் வழியில் யாராவது ஒருவர் பிழைத்திருந்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று வெறும் தோல்தாள்களையும் விட்டுவைத்தார். அதன்பின் இன்னொரு கையெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு வருகிறது: இந்த இடத்தில் ஆசிரியர் இறந்துவிட்டார் போலும் என்று. அந்த மடத்தின் கோபுரம் இப்போதும் நிற்கிறது. மிக அண்மைக்காலம் வரை அது ஒரு பியர் ஆலையின் வளவுக்குள் இருந்தது.

1538: ஈயத்தின் விலை

இங்கிலாந்தில் இந்த மடங்கள் ஏறக்குறைய 200 இருந்தன. எட்டாம் ஹென்றி பாப்பரசரோடு முறித்துக்கொண்டு தானே திருச்சபையின் தலைவனான பிறகு, 1538 இல் இவற்றை மூடும் வேலையைப் பெருமளவு செய்து முடித்தவர் றிச்சர்ட் இங்வேர்த். இவரும் ஒரு காலத்தில் டொமினிக்கன் துறவி! ஊர் ஊராகப் போய்த் தன் பழைய சகோதரர்களிடமே கையெழுத்து வாங்கினார். நிலபுலன் இருந்த பெரிய மடங்களின் துறவிகளுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. பிச்சை எடுத்து வாழ்ந்த சகோதரர்களில் அநேகமானோருக்கு அதுவும் இல்லை.

கட்டிடங்களுக்கு என்ன நடந்தது என்பது முக்கியம். கூரைகளில் ஈயத் தகடு போட்டிருந்தார்கள். ஈயத்துக்கு நல்ல விலை. ஆகவே முதலில் கழற்றப்பட்டது கூரை. கூரை போனால் மழை மிச்ச வேலையைச் செய்யும். இவை நகரத்துக்குள் இருந்ததால் வெட்டிச் சீராக்கிய கல்லுக்கும் உடனே ஆள் வந்தது. வீட்டுக்கு, மதிலுக்கு, றோட்டுக்கு. லெஸ்டரில் அரசனின் கல்லறை தொலைந்தது இப்படித்தான். கோபத்தால் இடிபட்டதைவிட விலைபேசி இடிபட்டதுதான் கூட.

பிழைத்தவை, வேறு வேலைக்குப் பயன்பட்டதால் பிழைத்தன. நொரிச் நகரத்தவர்கள் டொமினிக்கன் கோவிலைப் பொதுமண்டபமாக வாங்கிக்கொண்டார்கள். இன்றும் அது மண்டபம்தான். இலண்டனில் மாமா, சித்தி ஆக்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கோ, பிளாக்ஃபிரையர்ஸ் ஸ்டேசன் தெரியாதவர்கள் குறைவு. 'கறுப்புச் சகோதரர்' என்றால் கறுப்பு மேலாடை போட்ட டொமினிக்கன்கள். ஹென்றியின் விவாகரத்து வழக்கு 1529 இல் நடந்தது அவர்களின் மடத்து மண்டபத்தில்தான். மடம் மூடப்பட்ட பிறகு அங்கே நாடக அரங்கு வந்தது, ஷேக்ஸ்பியரின் குழு அங்கே நடித்தது. இன்று சுவர் போய்விட்டது, ரயில் நிலையத்தில் பெயர் மட்டும் தொங்குகிறது.

போகாமல் நின்றவர்கள்

அப்படியென்றால் அயர்லாந்தின் மேற்கில் மட்டும் ஏன் இவ்வளவு மடங்கள் கோபுரத்தோடு நிற்கின்றன? கல்லின் உறுதியை நாங்கள் முதலில் நினைத்தோம். காரணம் அதுவில்லை.

ஹென்றியின் கட்டளை அயர்லாந்தின் மேற்கே உடனடியாக எடுபடவில்லை. அங்கே கேலிக் மொழி பேசிய தலைவர்கள் ஆண்டார்கள். 15 ஆம் நூற்றாண்டில் அவர்கள்தான் பல மடங்களைக் கட்டிக் கொடுத்தவர்கள். கிளேர் மாவட்டத்தில் குயின் என்ற இடத்தில், நோர்மன்கள் கட்டி அழிந்துபோன ஒரு கோட்டைக்கு உள்ளேயே மக்னமாரா குடும்பத்தார் மடம் எழுப்பினார்கள். ஆக்கிரமிக்க வந்தவனின் கோட்டை, பிச்சைக்காரத் துறவிகளுக்கு மதிலாயிற்று. கோட்டைக் கோபுரங்களின் அடிப்பகுதிகளை இன்றும் பார்க்கலாம்.

அரசின் கை பிறகு அங்கேயும் நீண்டது. 1590 இல் ஆங்கிலேயப் படைகள் மேயோ மாவட்டத்து மொய்ன் மடத்தை எரித்தன. 1601 இல் நடந்த முற்றுகையில் வெடிமருந்து வெடித்து டொனகல் மடம் சிதறியது. ஆனால் சகோதரர்கள் முழுசாகப் போகவில்லை. விரட்டினால் பக்கத்து ஊரில் ஒளிவார்கள், நிலைமை தணிந்தால் திரும்பி வருவார்கள். டொனகல் சகோதரர்கள் ட்ரவ்ஸ் ஆற்றங்கரையில் ஓர் ஒதுக்கிடத்தில் தங்கியிருந்த காலத்தில், 1632 இற்கும் 1636 இற்கும் இடையில், மைக்கேல் ஓ கிளெரி என்ற பிரான்சிஸ்கன் சகோதரரும் அவருடைய துணைவர்களும் தங்கள் நாட்டின் பழைய ஏடுகளை எல்லாம் சேர்த்து ஒரு பெரும் ஆண்டுக்குறிப்பைத் தொகுத்தார்கள். 'நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்பு' என்று அதைச் சொல்வார்கள். தங்கள் உலகம் உடைந்துகொண்டிருந்ததை அவர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். அதனால்தான் எழுதினார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

துறவிகள் இல்லாத காலத்திலும் சனம் வந்தது. கூரை போன கோவிலுக்குள் தங்கள் இறந்தவர்களைக் கொண்டுவந்து புதைத்தது. தாத்தா கிடக்கிற இடத்தில்தான் தானும் கிடக்க வேண்டும் என்ற பிடிவாதம். மடம் சேமக்காலை ஆனது. சேமக்காலையின் கல்லில் யார் கைவைப்பார்? கில்லார்னிக்குப் பக்கத்தில் மக்ரொஸ் மடத்தின் நாற்சார் முற்றத்துக்கு நடுவில் ஒரு யூ மரம் சுவருக்கு மேலால் வளர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றிவரக் கல்லறைகள். குயின் மடத்தில் கடைசிவரை இருந்த சகோதரர் ஜோன் ஹோகன் 1820 இல் இறந்தார். மடம் முதலில் மூடப்பட்டு ஏறக்குறைய 280 வருசத்துக்குப் பிறகு! அவரை அந்தத் தாழ்வாரத்திலேயே புதைத்தார்கள். 1869 இற்குப் பிறகுதான் அரசு இப்படிப்பட்ட இடிபாடுகளைத் தேசியச் சின்னங்களாகப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. அதுவரை காவல் காத்தது செத்தவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும்தான்.

அதே சீலை, வேறு கரை

இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்தால் சகோதரர்கள் எல்லோரும் பாவப்பட்ட நல்லவர்கள் என்று ஆகிவிடும். எங்களால் அப்படி முடிக்க முடியாது. ஏனென்றால் அந்தச் சீலை எங்கட கரைக்கும் வந்தது.

முதலில் வந்தவர் தனி ஆளாக வந்தார். கில்கெனியில் கிளின் எழுதிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில், சீனாவுக்குத் தூது போய்த் திரும்பிய மரிஞ்ஞொல்லி என்ற பிரான்சிஸ்கன் இலங்கையில் கரையொதுங்கினார். கொண்டுவந்த பெறுமதியான பொருட்களை ஓர் உள்ளூர் அதிகாரி மரியாதையாகவே பறித்துக்கொண்டார். ஆனால் அவர் எழுதிவைத்ததில் எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. சிவனொளிபாத மலையடியில் இருந்த துறவிகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், காலையில் வரிசையாகப் போய் அன்றைய சோற்றை இரந்து வாங்குகிறார்கள், தங்கள் சபையினரைப் போலவே உடுத்துகிறார்கள் என்று எழுதினார். பிச்சை எடுக்கிறவன் பிச்சை எடுக்கிறவனை அடையாளம் கண்டுகொண்டான்.

அடுத்து வந்தபோது அப்படி இல்லை. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தார்கள். அந்த ஆட்சியின் நிழலில் பிரான்சிஸ்கன்கள் இங்கே கோவில் கட்டினார்கள். கணக்குப் பாருங்கோ. டொனகல் மடம் வெடித்துச் சிதறி இருபது வருசம்தான். ஒரே சபை, ஒரே சீலை. ஒரு தீவில் கோவிலை இழந்து ஒளிந்து திரிந்தார்கள், இன்னொரு தீவில் கோவிலை இடித்தவர்களின் பக்கத்தில் நின்றார்கள். ஒன்றும் சொந்தமில்லை என்ற விரதம் மட்டும் ஒருவரை நல்ல பக்கத்தில் நிறுத்திவிடாது. யாரோடு வந்து இறங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சக்கரம் திரும்பவும் சுற்றியது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். 1687 இல் கோவாவில் இருந்து ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரன் வேடத்தில் ஒளிந்து வந்து இறங்கினார். அவர் பிரான்சிஸ்கன் இல்லை. ஆனால் அயர்லாந்தின் ஒளிந்த துறவிகளை வாசித்துவிட்டு வந்த எங்களுக்கு அவர் புதியவராகத் தெரியவில்லை.

ஒப்படை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் சங்கானைக்குச் சைக்கிளில் போனோம். அங்கே போர்த்துக்கேயர் காலத்துக் கோவில் ஒன்றின் சுவர்கள் நிற்கின்றன. முருகைக்கல்லும் சுண்ணாம்பும். கூரை இல்லை. முன்பும் எத்தனையோ தரம் அந்த வழியால் போயிருக்கிறோம். 'பழைய சேர்ச்' என்றதுக்கு மேலே ஒன்றும் கேட்டதில்லை. இந்த முறை சுவரைக் கையால் தொட்டுக்கொண்டு நின்றபோது, கேட்க மூன்று கேள்விகள் இருந்தன. கூரையைக் கழற்றியது யார்? கல்லைக் கொண்டுபோனது யார்? இன்றைக்கும் இங்கே வருகிறது யார்?

இவற்றில் முதல் இரண்டுக்கும் பதில் தேட நூலகம் போகலாம். மூன்றாவது கேள்விக்கு நூலகம் உதவாது. அங்கே நாங்கள் மூன்று பேர் நின்றோம். சுவரோரத்து நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. உங்கட ஊரிலும் இப்படி ஒரு சுவர் கட்டாயம் இருக்கும். ஒருக்காப் போய்ப் பாருங்கோ.